மக்கள் மொழியில் சட்டம் தந்த முன்சீப்

பாலிங் வட்டாரத்தில் நம் முன்னோர் கடை வைத்தும் தோட்டங்களில் உழைத்தும் வாழ்ந்தார்கள். கைமாற்றுக் கொடுத்தார்கள், கூட்டு வியாபாரம் செய்தார்கள். வாய்ச்சொல்லே அவர்களுக்குப் பத்திரம். அந்த நாணயம் நமக்குப் பெருமை. ஆனால் கொடுத்தவரும் வாங்கியவரும் மறைந்த பின், பிள்ளைகளின் வழக்கில் அந்தச் சொல் சாட்சிக்கு வருவதில்லை. சாதாரண மக்கள் சட்டம் அறிய வேண்டும் என்று உழைத்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையை இப்பொன்விழா மலரில் நினைவுகூர்கிறோம்.

திருச்சிக்கு அருகே குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் 1826 அக்டோபர் 11ஆம் நாள் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியைத் தொடர்ந்தார். கடன், நிலம், பாகப்பிரிவினை என்று அன்றாட வாழ்க்கையின் சண்டைகளே முன்சீப் முன் வரும் வழக்குகள்.

வழக்காடுபவர் தமிழர், தீர்ப்போ ஆங்கிலத்தில். வென்றவருக்கும் தோற்றவருக்கும் காரணம் விளங்கவில்லை. இக்குறையைப் போக்க, 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் வெளியிட்டார். அந்தச் சதர் நீதிமன்றம் சென்னை உயர்நீதிமன்றத்தோடு இணைந்ததும் அதே ஆண்டில்தான். நீதிமன்ற நடவடிக்கை தமிழில் நடக்க வேண்டும் என்பதை 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலிலும் வலியுறுத்தினார். எல்லாச் சமயத்தாரும் பாட ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ இயற்றினார். 1876இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தில், தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றினார். 1889 ஜூலை 21ஆம் நாள் மறைந்தார்.

அவர் வாழ்விலிருந்து நாம் கற்பது என்ன? சிவில் வழக்கில் நீதிபதி மனத்தைப் படித்துத் தீர்ப்பதில்லை; முன்வைக்கப்படும் ஆதாரங்களை எடைபோட்டு, எவர் பக்கம் உண்மை இருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்க்கிறார். உரிமை கோருபவரே அதை நிரூபிக்க வேண்டும். ஆகவே உண்மை மட்டும் போதாது; சீட்டும் சாட்சியும் வேண்டும். காலமும் முக்கியம்: நம் நாட்டில் ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடர ஆறு ஆண்டுகளே வரம்பு. தனிநபர் ஒருவர் 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கையை, வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம்.

சொந்தக்காரரிடம் சீட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் கூசுகிறோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதிச் சாட்சி வைக்கவே கட்டளையிடுகிறது. எழுதுவது அவநம்பிக்கை அன்று; உறவு முறியாமல் காக்கும் வழி. அந்த முன்சீப் மக்கள் மொழியில் சட்டத்தைத் தந்தார். நாம் நம் கணக்கை நம் மொழியிலாவது எழுதி வைப்போம். பிள்ளைகளுக்கு வழக்கை விட்டுச் செல்லாதிருப்போம்.