ஒரே வாங்கில் இருக்கச் செய்தவர்

பூநகரியில் எந்தப் பாடசாலைக்குள் நுழைந்தாலும், பிள்ளைகள் ஒரே வெள்ளைச் சீருடையில் அருகருகே இருந்து படிக்கக் காண்கிறோம். இது தானாக வந்த வழக்கமன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பல பாடசாலைகள் சேர்ப்பதேயில்லை. சேர்த்த இடங்களிலும் அவர்கள் வாங்கில் இருக்க முடியாது. தரையிலிருந்தே எழுத்தறிய வேண்டும். கிறிஸ்தவப் பாடசாலைகளும் இப்பழியிலிருந்து முற்றாகத் தப்பவில்லை. இந்நிலையை மாற்ற உழைத்தோருள் முன்னின்றவர் காலஞ்சென்ற ஹன்டி பேரின்பநாயகம்.

1899இல் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்த இவர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்று, அங்கேயே ஆசிரியரானார். 1924இல் நண்பர்களுடன் சேர்ந்து மாணவர் காங்கிரஸை அமைத்தார். பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. நாட்டுக்கு விடுதலை கேட்போர் முதலில் தம் ஊரில் தீண்டாமையை ஒழிக்க வேண்டுமென்பது அவர்கள் கொள்கை. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் இவர்களின் அழைப்பின் பேரிலேயே.

1920களின் இறுதியில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்குமாறு அரசாங்கம் பணித்தது. உடனே எதிர்ப்பு மூண்டது. மனுக்கள் பறந்தன. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஹன்டியும் தோழரும் தம் சமூகத்தாரின் சினத்துக்கு அஞ்சாது சம ஆசனத்தின் பக்கம் நின்றனர். மேடையில் பேசியதோடு நில்லாமல், தம் மாநாடுகளில் சாதி பாராது எல்லோரோடும் ஒரே பந்தியில் உணவருந்தினர்.

1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தபின் வாலிபர் காங்கிரஸின் செல்வாக்குக் குன்றியது. ஆயினும் ஹன்டி கல்விப் பணியைக் கைவிடவில்லை. கிறிஸ்தவராய்ப் பிறந்த அவரே 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றினார். 1977இல் காலமானார்.

2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரியிலிருந்து யாழ்ப்பாணம் போவது எளிதாயிற்று. நல்ல பாடசாலையைத் தேடுவது பெற்றோரின் உரிமை. ஆனால் வசதியுள்ளோர் எல்லோரும் பிள்ளைகளைப் பட்டினத்துக்கு அனுப்பிவிட்டால், ஊர்ப் பாடசாலையில் ஏழைகளின் பிள்ளைகள் மட்டுமே எஞ்சுவர். அன்று ஒரே கூரையின் கீழிருந்த பிரிவு, இன்று இரண்டு பாடசாலைகளாகிவிடும். இன்னாரின் பிள்ளையோடு என் பிள்ளை இருக்கக் கூடாது என்ற எண்ணம் நம் முடிவில் சிறிதேனும் கலந்திருக்கிறதா? பிள்ளைக்குப் பாடசாலை தேடும் நாளில் ஒவ்வொரு தாயும் தந்தையும் இக்கேள்வியைத் தம் மனச்சாட்சியிடம் கேட்பார்களாக.