பால் கணக்கு எழுதத் தொடங்கிய படிப்பு

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30-ஆம் தேதியைத் தமிழக அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது. அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பிறந்த நாள். 1886-இல் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில் இருப்பதால் பெயரைத் தெரியாத வீடு இருக்காது. ஆனால் அவர் எப்படிப் படித்தார் என்பது பலருக்குத் தெரியாது.

கொரோனா காலத்துக்குப் பிறகு நம் குடியிருப்பில் சில இளம் பெற்றோர், பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பது பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். கால அட்டவணை போட்டு நடத்துவதா, எந்த வயதில் பிடியைத் தளர்த்துவது, பிள்ளை தானாகப் படிக்குமா என்பதெல்லாம் அவர்கள் கேள்வி. இதே ஊரில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வீடு இந்தக் கேள்விகளைச் சந்தித்திருக்கிறது. அதனால் இந்தக் காலாண்டு இதழுக்கு அம்மையாரின் வாழ்க்கையை எழுதத் தோன்றியது.

தந்தை நாராயணசாமி ஐயர். மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தால் தந்தையை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். ஆகவே குழந்தைகள் தாய்வழி உறவோடுதான் நெருங்கி வளர்ந்தார்கள். அந்த மரபில் பெண்கள் பட்ட பாட்டை அந்தச் சிறுமி பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

அன்றைக்குப் பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதே அபூர்வம். நாராயணசாமி ஐயர் அனுப்பினார். ஆனால் அவர் போட்ட எல்லை சின்னது. பால்காரர் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் போதும், அதற்குத் தமிழ் எழுதப் படிக்க வந்தால் போதும் என்பது அவர் எண்ணம். சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அந்த எல்லைக்குள் நிற்கவில்லை. குழந்தையின் ஆர்வத்தைப் பார்த்து, தந்தைக்குத் தெரியாமலே ஆங்கிலமும் கற்றுக்கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்தபோது தந்தை அதை நிறுத்தவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் முதல் படி இதுதான் என்று எனக்குப் படுகிறது.

வயதுக்கு வந்ததும் அன்றைய வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. ஆக, அவருக்கு வீட்டுக்கல்வி வந்தது யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்து அல்ல, ஊர்க் கட்டுப்பாட்டினால். இன்று நாம் பேசும் வீட்டுக்கல்விக்கும் அதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. தாயார் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார். பெண் அதற்கு இசையவில்லை. ஆண் பிள்ளைகளுக்குத்தான் படிப்பு வேண்டும் என்று யாராவது சொல்லக் கேட்டால் மனதுக்குள் கொதித்த பெண் அவர்.

தந்தையும் ஆசிரியர்களும் வீட்டிலேயே பாடம் நடத்தினார்கள். அது முறையான படிப்புதான். முன்னால் ஒரு தேர்வு இருந்தது, அதற்குரிய பாடத்திட்டம் இருந்தது. அந்தக் காலத்தில் மெட்ரிகுலேஷன் தேர்வைச் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்தியது. 1902-இல் தனித்தேர்வராக எழுதித் தேறினார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத சில ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இதைச் செய்தது ஊரில் பெரிய பேச்சாயிற்று.

அடுத்து கல்லூரி. 1880-இல் தொடங்கிய மகாராஜா கல்லூரி, இன்றைய நம் மாமன்னர் கல்லூரி, அன்று ஆண்கள் மட்டுமே படித்த இடம். அப்போது முதல்வராக இருந்தவர் வேறொருவர். அவர் விண்ணப்பத்தை வரவேற்கவில்லை. பெண் என்பது ஒரு தடை, தாயாரின் குலம் இன்னொரு தடை. மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்று பயந்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த ஆட்சேபங்களை ஒதுக்கிவிட்டு, இடமும் கொடுத்து உதவித்தொகையும் கொடுத்தார். 1904-இல் கல்லூரிக்குள் நுழைந்தார்.

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியை ஆகலாமே என்றார் தந்தை. பெண்ணுக்குப் பொருத்தமான, பாதுகாப்பான வேலை என்று அன்பாகச் சொன்ன யோசனைதான். மகள் மருத்துவம் என்றார். அதுவரை என்ன படிப்பது என்பதைத் தந்தை முடிவு செய்தார், அல்லது தேர்வு முடிவு செய்தது. முதன்முறையாக மகள் முடிவு செய்தார், தந்தை விட்டுக்கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர் ஆனார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் சம்மதித்தார்.

பட்டத்தோடு பலருக்குப் படிப்பு முடிந்துவிடும். அவருக்கு அதன் பிறகுதான் சொந்தப் படிப்பு தொடங்கியது. பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்படிப்புக்காக 1925-இல் இங்கிலாந்து சென்றார். 1926-இல் சென்னை சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டம் அவர் கல்லூரியில் படித்த பாடம் அல்ல. கோயில் மானிய நிலங்கள் எப்படித் தேவதாசிக் குடும்பங்களைக் கட்டிப்போடுகின்றன என்பதைத் தானே படித்துத் தெரிந்துகொண்டார். மானிய நிலத்தை அனுபவிக்கக் கோயில் ஊழியம் செய்தாக வேண்டும் என்ற கட்டை அவிழ்க்க 1929-இல் சட்டத் திருத்தம் வந்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்க அவர் கொண்டுவந்த மசோதாவுக்குக் கடும் எதிர்ப்பு. நம் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தியும் எதிர்த்தவர்களில் ஒருவர். சட்டம் நிறைவேற 1947 வரை ஆயிற்று.

இதற்கிடையில் நாட்டின் கல்வி நிலையை ஆராய அமைந்த ஹார்டாக் குழுவில் அவர் உறுப்பினர். பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண், நாட்டின் பள்ளிகளைப் பற்றி அறிக்கை கொடுக்கும் இடத்தில் அமர்ந்தார்.

1930-இல் காந்தியடிகள் கைதானதும் மேலவைப் பதவியைத் துறந்தார். அதே காலத்தில் தேவதாசி மரபைச் சேர்ந்த சில சிறுமிகள் அடைக்கலம் தேடி அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களை வைத்துத் தொடங்கியதுதான் ஔவை இல்லம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம் நெடுநாள் மனதில் இருந்து, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தேழு. 1956-இல் பத்ம பூஷண் பெற்றார். 1968 ஜூலையில் காலமானார்.

நம் பெற்றோருக்கு இதில் என்ன இருக்கிறது? நான் கல்வியாளன் அல்ல, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நாராயணசாமி ஐயர் முதலில் ஒழுங்கைக் கொடுத்தார். எழுத்து, கணக்கு, மொழி எல்லாம் தினப்படி உழைப்பில்தான் வந்தன. பிறகு படிப்படியாகக் கையை எடுத்தார். ஒரே நாளில் எடுக்கவில்லை. எல்லை மீறி ஆங்கிலம் வந்தபோது தடுக்கவில்லை, கல்லூரி கேட்டபோது மறுக்கவில்லை, தன் யோசனையை மகள் ஏற்காதபோது பிடிவாதம் பிடிக்கவில்லை. அட்டவணையை முதல் நாளே கிழித்துப் போடுவதும் தவறு, பதினாறு வயதிலும் அட்டவணையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் தவறு என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

அவருடைய தேர்வுச் சான்று இல்லாமல் கல்லூரிக் கதவு திறந்திருக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். மன்னரின் ஆதரவும் ஒரு தேறிய மாணவிக்குத்தான் கிடைத்தது. இன்று வீட்டில் படிக்கும் பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூலம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுதலாம். அந்த வழியை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். வாரத்தில் ஒரு நாளாவது அவர்கள் விரும்பியதைப் படிக்க விடுங்கள். திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகமும் ஞானாலயா ஆய்வு நூலகமும் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போய், எதைப் பார்ப்பது என்று பிள்ளையையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். நூலகத்துக்கு மட்டும் முன்னதாக விசாரித்துவிட்டுச் செல்லுங்கள்.