பல்லைப் பார்த்து நோயைச் சொன்ன டாக்டர்

மதுரையை அடுத்த மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரக் கிராமங்களில், பிள்ளை உண்டான பெண்கள் தாயாரையோ மாமியாரையோ துணைக்கு அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வருவார்கள். நர்சு எடை பார்ப்பார். விரல் நுனியில் சிறிதாகக் குத்தி ரத்தம் எடுப்பார். ரத்தம் குறைவா, சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு, மேகநோய் உண்டா என்றும் பார்ப்பார்கள்.

மேகநோய் என்றதும் கூட வந்த பெரியவளுக்கு முகம் சுண்டிவிடும். நம் வீட்டுப் பெண்ணுக்கு இந்தச் சோதனை எதற்கு என்று மனம் நோகும்.

எதற்கு என்பதை விளக்க வேண்டுமானால், நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓர் ஆங்கிலேய டாக்டரின் கதையைச் சொல்லவேண்டும். அவர் பெயர் ஜொனாதன் ஹட்சின்சன்.

அமைதியான பிள்ளை

இங்கிலாந்தில் யார்க்ஷயர் என்ற மாகாணம். அங்கே செல்பி என்ற சிற்றூரில் 1828-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி ஹட்சின்சன் பிறந்தார். வீட்டில் பன்னிரண்டு குழந்தைகள். இவர் இரண்டாவது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். ஆடம்பரம் கூடாது, அதிர்ந்து பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள். கடைசிவரை ஹட்சின்சன் அதிகம் பேசாதவராகவே இருந்தார். பேச்சைவிடப் பார்வையில்தான் அவருக்கு நாட்டம்.

யார்க் நகரில் ஒரு டாக்டரிடம் தொழில் பழகினார். பிறகு லண்டனுக்கு வந்து, செயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியில் படித்து, 1850-ல் டாக்டர் ஆனார். அங்கே புகழ்பெற்ற ஜேம்ஸ் பேஜட் அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

டாக்டர் பட்டம் வந்துவிட்டது. நோயாளிகள் உடனே வந்துவிடுவார்களா? கையில் பணம் புரளாத அந்த நாட்களில் ஹட்சின்சன் மருத்துவப் பத்திரிகைக்கு நிருபரானார். லண்டன் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சென்று, அங்கே வந்த அபூர்வமான நோய்களைப் பற்றி எழுதிக் கொடுத்தார். வயிற்றுப்பாட்டுக்குச் செய்த அந்த வேலைதான் அவரை உருவாக்கியது. ஒரே ஆஸ்பத்திரியில் முடங்கிக் கிடந்த டாக்டர்கள் பார்க்காத அளவுக்கு அவர் நோயாளிகளைப் பார்த்தார். பார்த்ததை எல்லாம் குறித்து வைத்தார்.

கண் மங்கிய குழந்தைகள்

லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் பெரிய கண் ஆஸ்பத்திரி இருந்தது. ஹட்சின்சன் அங்கேயும் வேலை பார்த்தார். ஏழு, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் பலர் கண் மங்கி வந்தனர். கருவிழியின் மேல் கண்ணாடி போல இருக்கும் படலம், மூச்சுக்காற்றுப் பட்ட கண்ணாடி போலப் புகைந்து போயிருக்கும். முதலில் ஒரு கண், பிறகு மறு கண். வெளிச்சம் பட்டால் கூசும்.

இது கண்டமாலைச் சூட்டினால் வருவது என்று அக்காலத்து டாக்டர்கள் நினைத்தனர்.

ஹட்சின்சன் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார். பிள்ளைக்குப் பிள்ளை ஒரே மாதிரிப் பற்கள்! மேல் வரிசையில் நடுவே உள்ள இரண்டு முன்பற்களும் சிறுத்து, முளை போல இருந்தன. அடியில் அகன்று, நுனியில் குறுகி, நுனியின் நடுவே பிறை நிலாப் போல ஒரு பள்ளம். சிலருக்குக் காதும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது என்ன ஆயிற்று, அவர்களுக்கு முன்னும் பின்னும் பிறந்தவை என்ன ஆயின என்று விசாரித்தார். பிறந்து சில வாரங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, ஓயாத மூக்கடைப்பு, கலைந்துபோன கருக்கள், இறந்து பிறந்த சிசுக்கள். இப்படியே பல வீடுகளில் ஒரே கதை.

இது சிபிலிஸ் என்ற மேகநோய்தான், தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்கு வந்தது என்று ஹட்சின்சன் முடிவுக்கு வந்தார். 1858-ம் ஆண்டு, முப்பது வயதில், லண்டன் டாக்டர்கள் சபையில் பற்களைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். 1863-ல் கண், காது பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். பல், கண், காது மூன்றும் சேர்ந்த அடையாளம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஆறு வயதுக்குமேல் முளைக்கும் பல்லில், கர்ப்பத்தில் வந்த நோய் எப்படித் தெரியும்? நிரந்தரப் பல் வாய்க்கு வெளியே வருவது ஆறு, ஏழு வயதில். அதன் முளை உருவாகத் தொடங்குவதோ குழந்தை பிறப்பதை ஒட்டியே. அந்தச் சமயத்தில் நோய் தாக்கினால் அந்த வடு பல்லிலேயே பதிந்துவிடுகிறது. பால் பற்கள் அதற்கு முன்பே உருவாகிவிடுவதால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. பால் பல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று ஹட்சின்சன் மாணவர்களை எச்சரித்து வந்தார்.

இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. கேட்கக்கூடாத கேள்வியைத் தாயிடம் கேட்டு, அவளை நாலுபேர் நடுவே தலைகுனிய வைக்காமலே, டாக்டர் நோயைத் தெரிந்துகொள்ளலாம். அதுவரை அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வருவது அபூர்வம். பல தாய்மார்களுக்கே அது தெரியாது.

தெரியாத தாய்

தெரியாது என்பது சாக்கு அல்ல. நோயுற்ற குழந்தை வேறொருத்தியிடம் பால் குடித்தால் அவளுக்குப் புண் வருகிறது. பெற்ற தாய்க்கு மட்டும் வருவதில்லை என்று டப்ளின் நகர டாக்டர் காலஸ் 1837-லேயே எழுதியிருந்தார். தாய்க்கு நோய் இல்லை, தகப்பனிடமிருந்து நேரே குழந்தைக்குப் போய்விட்டது என்று அன்று பலர் எண்ணினர். உண்மை வேறு. தாய்க்கு முன்பே நோய் வந்துவிட்டது. வெளியே ஓர் அறிகுறியும் இல்லாமல் ரத்தத்தில் ஒளிந்திருந்தது. ஆகையால்தான் புதிதாக அவளுக்கு வரவில்லை. பெரும்பாலும் கணவன் கொண்டுவந்து கொடுத்தது. 1905-ல் ஜெர்மனியில் நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு வாசர்மன் ரத்தச் சோதனையை வகுத்தார். அதன் பிறகே இது ஐயமின்றித் தெளிவாயிற்று.

குழந்தையும் அப்படித்தான். பல சிசுக்கள் பிறக்கும்போது கொழுகொழுவென்றே இருக்கும். சில வாரம் சென்றபின் மூக்கடைத்து, மூச்சு கறகறக்கும். மூக்கில் ரத்தம் கலந்த நீர் வரும். பால் குடிக்க முடியாமல் மெலிந்து, கிழவன் முகம்போல் ஆகும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளம் வரும், தோல் உரியும். ஈரல் வீங்கும். எலும்பில் வலி கண்டு ஒரு கையை அசைக்காமல் போட்டுவிடும். வீட்டார் பக்கவாதம் என்று பயப்படுவர். இவற்றைச் சளி என்றும் சிரங்கு என்றும் விட்டுவிட்டால் குழந்தை போய்விடும்.

அக்காலத்து மருந்து பாதரசம். பாதரசக் களிம்பைப் பிளானல் துணியில் தடவிக் குழந்தையின் உடம்பில் சுற்றி வைப்பதுண்டு. ஹட்சின்சன் சிறிய அளவில், நீண்ட நாள் கொடுக்கவேண்டும் என்ற கட்சி. நம் சித்த வைத்தியர்களும் இதற்குப் பாதரசத்தையும் பறங்கிப்பட்டையையும் கையாண்டவர்கள்தான். நோய்க்கே பறங்கிப்புண் என்று ஒரு பெயர் உண்டு. பாதரசம் நஞ்சு; அளவு தவறினால் ஈறு வெந்து பல் ஆடும். வேறு வழியில்லாத காலம் அது.

அம்மை குத்தியதில் வந்த வினை

1871-ல் லண்டனில் ஒரு சம்பவம். அம்மை குத்திக்கொண்ட சிலருக்கு, குத்திய இடத்திலேயே மேகப்புண் கிளம்பியது. அப்போதெல்லாம் ஒரு குழந்தையின் கையில் எழும்பிய அம்மைக் கொப்புளத்திலிருந்து பால் எடுத்து அடுத்தவர் கையில் குத்துவார்கள். பால் கொடுத்த குழந்தை பார்வைக்கு நல்ல ஆரோக்கியம். ஆனால் அதற்குப் பிறவியிலேயே நோய் இருந்தது என்று ஹட்சின்சன் ஆராய்ந்து நிரூபித்தார்.

அம்மை குத்துவதே கூடாது என்று கூச்சலிட்டவர்களோடு அவர் சேரவில்லை. குத்தும் முறையை மாற்றச் சொன்னார். பிற்காலத்தில் கன்றுக்குட்டியிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை பரவியது. நம் பக்கத்தில் சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட் அந்தப் பாலைத் தயாரித்தது.

அதே 1871-ல் அவர் இன்னொரு குழந்தையையும் காப்பாற்றினார். குடலுக்குள் குடல் செருகிக்கொண்ட இரண்டு வயதுப் பெண் குழந்தை. வயிற்றைத் திறந்து சில நிமிஷங்களில் சரிசெய்துவிட்டார். அன்றைக்கு அது பெரிய அதிசயம்.

டாக்டர்களுக்கு ஒரு பள்ளி

ஹட்சின்சனுக்கு எல்லாப் பெருமையும் வந்தது. 1889-ல் அறுவை மருத்துவர் கல்லூரியின் தலைவரானார். 1908-ல் சர் பட்டம். அவர் மனம் என்னவோ கற்பிப்பதிலேயே இருந்தது. கல்லூரிப் படிப்பு முடிந்து தொழில் செய்யும் டாக்டர்களுக்காக 1899-ல் லண்டனில் ஒரு கல்லூரி தொடங்கியது. அதற்கு அவர்தான் உயிர்நாடி. கிராமத்து டாக்டர்கூட அங்கே வந்து உட்காரலாம். உயிருள்ள நோயாளியை முன்னே நிறுத்திப் பாடம் நடக்கும். நோயாளி இல்லாதபோது வண்ணப் படங்கள். ஓவியர்களை வைத்து ஆயிரக்கணக்கில் நோய்ப் படங்களை வரைந்து வாங்கியிருந்தார். பல்லின் பிறைப் பள்ளத்தைப் பத்துப் பக்கம் எழுதி விளக்குவதைவிட ஒரு படம் மேல் அல்லவா?

இவ்வளவு கூர்மையான கண்ணும் ஒரு விஷயத்தில் தவறிவிட்டது. கெட்டுப்போன மீனைத் தின்பதால்தான் தொழுநோய் வருகிறது என்று அவர் பிடிவாதமாக நம்பினார். தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சன் 1873-லேயே கண்டிருந்தார். அப்படியும் விடவில்லை. எழுபத்து நாலு வயதில், 1902-ல், கப்பலேறி இந்தியாவுக்கே வந்தார். மீனை வாயில் வைக்காத சாதியாரிடமும் தொழுநோய் இருப்பதை இங்கே பார்த்தார். எப்படியோ மீன் கலந்திருக்கவேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினார்! பல்லைப் பார்த்தபோது ஆதாரம் முதலில் வந்தது, முடிவு பிறகு வந்தது. மீன் விஷயத்தில் அது தலைகீழாயிற்று.

1913-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி ஹேசில்மியர் என்ற ஊரில் ஹட்சின்சன் காலமானார். அவ்வூர் மக்களுக்காக அவர் அமைத்த காட்சிசாலை இன்னும் இருக்கிறது.

இன்றைய ஊசி

அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து, 1943-ல், பென்சிலின் மருந்து மேகநோயைக் குணமாக்கும் என்று அமெரிக்காவில் மஹோனி என்ற டாக்டர் காட்டினார். பாதரசத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இப்போது கர்ப்பிணிக்கு ரத்தத்தில் நோய் தெரிந்தால் பென்சிலின் ஊசி போடுவார்கள். புதிதாக வந்த நோய்க்கு ஒரு தடவை 24 லட்சம் யூனிட் போதும். பழைய நோய்க்கு வாரம் ஒன்றாக மூன்று. பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது போட்டுவிட வேண்டும். கணவனும் வந்து சோதித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் போன நோய் திரும்பி வரும். கவனிக்காமல் விட்டால் பாதிக்கு மேற்பட்ட கர்ப்பங்களில் கரு கலைதல், இறந்து பிறத்தல், குறைமாதம், நோயோடு பிறத்தல் என்று ஏதாவது ஒரு கேடு நேரும்.

நோயோடு பிறந்த சிசுவுக்குப் பத்து நாள் ஊசி. அதற்குப் பிறகும் சில மாதங்களுக்கு ஒரு தடவை ரத்தம் பார்ப்பார்கள். இடையில் வராமல் இருந்துவிடக்கூடாது.

மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல் தொடங்கியது. அங்கே படிக்கும் பிள்ளைகளும் ஹட்சின்சன் பற்களைப் பற்றிப் படிக்கிறார்கள். பெரும்பாலும் படத்தில்தான்.