சங்கரதாஸ் சுவாமிகள்

சங்கரதாஸ் சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 - நவம்பர் 13, 1922) தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படுபவர். நடிகர், பாடலாசிரியர், நாடகாசிரியர், பயிற்றுநர் எனப் பல நிலைகளில் விளங்கினார். ஏறக்குறைய 40 நாடகங்களை இயற்றியுள்ளார்.

வாழ்க்கை

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். சிறிது காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்து, 24ஆம் வயதில் நாடகத் துறைக்கு வந்தார். புதுக்கோட்டையில் கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளையிடம் தாள நுணுக்கங்களைக் கற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

தொடக்கத்தில் எமன், இரணியன், இராவணன், சனீசுவரன் போன்ற வேடங்களில் நடித்தார். எமனாக அவர் தோன்றியதைக் கண்ட கருவுற்ற பெண் ஒருவருக்கு அச்சத்தால் கருச்சிதைவு ஏற்பட்டதென்றும், அதனால் மனம் வருந்தி வேடம் புனைவதைக் கைவிட்டார் என்றும் கூறுவர்.

பாடல்களும் மேடையும்

அக்கால நாடகம் பெரும்பாலும் இசை நிகழ்ச்சியாகவே இருந்தது. இரவு தொடங்கி விடியும் வரை நடக்கும். ஆர்மோனியமும் மிருதங்கமும் உடனிருக்கும். ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வல்லவரே நடிகராக நிலைக்க முடிந்தது. வெண்பா, விருத்தம், சிந்து, கீர்த்தனை எனப் பல வடிவங்களில் சுவாமிகள் எழுதிய பாடல்கள் இந்த மேடைக்கென்றே அமைந்தவை. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சதி சுலோசனா, அபிமன்யு சுந்தரி ஆகியவை குறிப்பிடத்தக்கவை. சேக்சுபியரின் ரோமியோ ஜூலியட்டையும் தமிழ் மேடைக்கு ஏற்ப எழுதினார். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில், அடித்தல் திருத்தல் இன்றி எழுதி முடித்ததாக அவருடைய மாணவர் தி. க. சண்முகம் எனது நாடக வாழ்க்கை நூலில் பதிவு செய்துள்ளார்.

நடிகர்கள் பலர் ஒழுங்கிற்குக் கட்டுப்படாமல் மேடையில் மனம்போனபடி பேசிப் பாடியதால், சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்த முற்பட்டார். 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் இதில் பயின்றவர்கள். பின்னர் பாய்ஸ் கம்பெனிகள் பல தோன்றின. விழுப்புரத்தில் 1928ல் பிறந்த சிவாஜி கணேசனும் அத்தகைய குழு ஒன்றிலேயே நடிக்கத் தொடங்கினார்.

இறுதிக் காலம்

பக்கவாதத்தால் கைகால் முடங்கி, பேச்சையும் இழந்தார். பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தவருக்கு இது பேரிழப்பாகும். எனினும் குழுவை விட்டுப் பிரியவில்லை. அவர் எழுதியவற்றைச் சிறுவர்கள் ஊர் ஊராகப் பாடி நடித்தனர். விழுப்புரத்திற்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியில் குழு முகாமிட்டிருந்தபோது 1922 நவம்பர் 13 அன்று காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் உள்ளது. நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் அங்குக் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர்.

வள்ளி திருமணம் இன்றும் தென் மாவட்டக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக நடைபெறுகிறது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகை இன்றியே மேடையேறுகின்றனர். சுவாமிகளின் பாடல்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.