கம்பி சுற்றிய துப்பாக்கி

புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் முதல் துப்பாக்கி எப்படி இருந்தது தெரியுமா?

கார்பெட் 1875-ல் நைனிடாலில் பிறந்தார். 1881-ல் தகப்பனார் இறந்துவிட்டார். பெரிய குடும்பம். துப்பாக்கி வாங்கித் தர யார் இருக்கிறார்கள்?

உறவினர் ஒருவர் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவருக்குப் பறவைகள் சேகரித்துக் கொடுத்தான் சிறுவன். கூலியாக வந்தது ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. யாரோ அளவுக்கு மேல் மருந்து கெட்டித்ததால் வலது குழல் வெடித்துக் கிடந்தது. அந்த அதிர்ச்சியில் மரக்கட்டையும் கழுத்தில் முறிந்திருந்தது. பித்தளைக் கம்பியை இறுகச் சுற்றி, குழலையும் கட்டையையும் பிணைத்திருந்தார்கள். மண்வெட்டிக் காம்பு விரிந்தால் நம் கொங்குக் குடியானவர் கம்பி சுற்றுவதில்லையா, அது போலத்தான்!

இடது குழல் பழுதில்லை என்று தைரியம் சொன்னார் குன்வர் சிங் என்ற வேட்டைக்காரர். அது போதாதா? பையன் காட்டுக்குள் புகுந்துவிட்டான்.

1907-ல், 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் புலியைக் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அதற்குப் பரிசாக வந்தது புத்தம் புதிய ரிக்பி துப்பாக்கி. 1955-ல் கென்யாவில் அவர் காலமானார்.