எலிப் பல் ஆட்டைக் கண்டுபிடித்த டோரதியா பேட்

ஆட்டின் கீழ்த்தாடையில் முன்பற்கள் எட்டு இருக்கும். எலிக்கு ரெண்டே ரெண்டுதான். அவை சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். ஆட்டுத் தாடையில் எலிப் பல் இருந்தால் எப்படி இருக்கும்? 1909இல் ஸ்பெயினின் மயோர்கா தீவில் அப்படியொரு விலங்கின் எலும்புகளைக் கண்டெடுத்தவர்தான் டோரதியா பேட்.

1878இல் வேல்ஸில் பிறந்தவர். அப்பா காவல் அதிகாரி. பள்ளிக்கூடம் பெரிதாகப் போனதில்லை. 19 வயதில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நேரே போய் வேலை கேட்டார். பெண்களை நிரந்தர அறிவியல் பணியில் சேர்க்காத காலம் அது. பறவைத் தோல்களை வகை பிரிக்கும் வேலை கிடைத்தது. பிறகு புதைபடிவங்களைச் சுத்தம்செய்யும் வேலை. மாதச் சம்பளம் எல்லாம் கிடையாது. எத்தனை எலும்பைத் தயார் செய்தாரோ அத்தனைக்குத்தான் காசு!

1901இல் சைப்ரஸ் போய்க் குகை குகையாகத் தேடினார். குள்ள நீர்யானை, குள்ள யானை எலும்புகள் கிடைத்தன. அடுத்து கிரீட். மயோர்காவுக்குப் போனபோது, உதவ வேண்டிய பிரிட்டன் துணைத் தூதரே தவறாக நடந்துகொண்டார். அதையும் சமாளித்துக்கொண்டு, கடலோரப் பாறைக் குகைகளில் தேடி எடுத்த எலும்புகளுக்கு அவர் வைத்த பெயர் மயோட்ராகஸ். கிரேக்கத்தில் எலி ஆடு என்று அர்த்தம்.

தோள் உயரம் சுமார் 50 செ.மீ.தான். ஆடுகளுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருக்கும், பின்னால் வரும் ஆபத்தையும் பார்க்க. இதற்கோ முன்பக்கம் பார்த்த கண்கள். மூளையும் சிறிது, கால்களும் ஓட்டத்துக்கு ஏற்றவை இல்லை. தீவில் துரத்த எந்த மிருகமும் இல்லை, அப்புறம் எதற்கு ஓட வேண்டும்? 50 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே தனியாக வாழ்ந்த இந்த இனம், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன், மனிதர்கள் தீவுக்கு வந்த காலத்தை ஒட்டி அழிந்துபோனது.

பேட் பின்னர் பாலஸ்தீனத்தில் கார்மேல் மலைக் குகை எலும்புகளை ஆராய்ந்து, அந்தக் காலத்துத் தட்பவெப்பத்தையே கணித்தார். 1948இல், ஏறக்குறைய 70 வயதில், டிரிங் என்ற ஊரிலிருந்த அருங்காட்சியகக் கிளையின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1951 ஜனவரியில் இறந்தார். அவருடைய சொந்தக் காகிதங்கள் கொஞ்ச நாளிலேயே வீட்டுத் தீ விபத்தில் எரிந்துபோயின.