மறைமலையடிகளும் ஒரு சீரும்

சைவத்தையும் தமிழையும் தம் இரு கண்களெனப் போற்றிய மறைமலையடிகள் 1876ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் தோன்றினர். வேதாசலம் என்பது பெற்றோர் இட்ட பெயர். சோமசுந்தர நாயகர்பால் சித்தாந்தங் கேட்டுத் தெளிந்தனர். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கினர். 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த அக்கல்லூரி அந்நாளில் நகரினுள்ளே இருந்தது. அப்பணி நீங்கியபின் அடிகள் பல்லாவரத்திற் குடிபுகுந்தனர்.

1916இல் ஒருநாள் ஆங்குள்ள தம் இல்லத் தோட்டத்தில் மகளார் நீலாம்பிகையாருடன் உலாவுகையில், ஐந்தெழுத்தை மறவாமை கூறும் திருவருட்பாச் செய்யுளொன்றை ஓதினர். அதன்கண் தேகம் என்னும் வடசொல் நின்றவிடத்து யாக்கை என்னுந் தமிழ்ச்சொல் நிற்பின் ஓசையின்பம் மிகுமென மகளார்க்கு விளக்கினர்.

இக்கூற்று யாப்பிற்கு ஒக்குமோவென நாம் ஆராய்வாம். அச்செய்யுள் எண்சீர் ஆசிரிய விருத்தம். நான்கடிகட்கும் முதற்சீரில் றகர எதுகை. ஒவ்வோரடியிலும் முதற்சீரும் ஐந்தாஞ்சீரும் மோனை. முதல் மூன்றடிகளில் மறத்தல் என்னும் வினை அரையடிதோறும் இறுதியில் வந்து ஆறுமுறை அடுக்குகின்றது. தாயும் சேயும், உயிரும் உடலும், நெஞ்சும் கண்ணும் தத்தம் இயல்பை மறப்பினும் என அடுக்கி, ஈற்றடி யான் மறவேன் என முடிதலின், அடுக்கு முழுதும் அவ்வொரு மறுப்பிற்கே வலிவூட்டுகின்றது. ஐயத்திற்கிடமான சொல்லோ இரண்டாமடியின் இரண்டாஞ்சீர். ஆதலின் எதுகையும் மோனையும் அடுக்கும் சிறிதும் கெடா. ஏனை மூன்றடிகளில் அவ்விடத்துச் சீர் கூவிளம். தேகத்தை என்பது தேமாங்காய். யாக்கையை என்பதோ ஐகாரக் குறுக்கத்தாற் கூவிளமேயாம். முன்னையது பிழையன்று, பின்னையது பின்னும் இயைவது.

பொருளும் நோக்கற்பாலது. யாத்தல் கட்டுதல். உயிர்க்கெனக் கட்டப்பட்டது யாக்கை. சொற்களாற் கட்டப்படுவது யாப்பு. உடம்பு உயிரின் வேறாய், அதன்பொருட்டு இறைவனாற் கூட்டப்பட்டதென்னும் சித்தாந்தம் அச்சொல்லினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

அருளாளர் வாக்கில் திருத்தங் காண்டல் தகுமோவெனின், அருட்பாவை மருட்பாவென்றாரை எதிர்த்து வாதிட்டவர் அடிகளே என்பதை மறத்தலாகாது. அன்று பிறந்த எண்ணத்தால் அவர் திருத்தியது தம் நடையையே. வேதாசலம் மறைமலையாயிற்று, ஞானசாகரம் அறிவுக்கடலாயிற்று, சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகமாயிற்று. தனித்தமிழியக்கம் தழைத்தது.

1950இல் அடிகள் இறைவனடி சேர்ந்தனர். பாடலின் ஒரு சீரைச் செவிகொடுத்துக் கேட்டதனால் ஒரு மொழியின் நடையே மாறிற்று. திருமுறை ஓதும் அன்பர்கள் சீர்தோறும் அங்ஙனம் நின்று ஓதுவாராக.